அடியில் மிச்சம் நிற்கிறதா?
வாசகர் கேள்வி – ஆய்வக பதில்

வாலிநோக்கம் உப்பளம், தொண்டிப் பக்கத்து இறால் பண்ணை, பாம்பன் பாசி வளர்ப்பு, பள்ளி, கல்லூரி என்று வெவ்வேறு இடங்களிலிருந்து கடிதங்கள் வந்திருக்கின்றன. கேட்பது என்னவோ ஒன்றைத்தான்: ஒரு பொருள் தண்ணீரில் எவ்வளவு கரையும், அதை எப்படி அளப்பது? பதில் எழுதியிருப்பவர்கள் பகுப்பாய்வு வேதியியல் தெரிந்தவர்கள்.

கேள்வி: பிளஸ் ஒன் மாணவர்களுக்கு உப்பின் கரைதிறனைச் செய்து காட்டுகிறேன். 100 கிராம் தண்ணீருக்கு ஏறத்தாழ 36 கிராம் என்று புத்தகத்தில் இருக்கிறது. எங்களுக்கு எப்போது செய்தாலும் 31.5, 31.7 என்றுதான் வருகிறது. உப்பு சரியில்லையா, தராசு சரியில்லையா?
வேதியியல் ஆசிரியை, மண்டபம்

பதில்: இரண்டும் சரிதான், டீச்சர். உங்கள் எண்ணும் சரி, புத்தகத்து எண்ணும் சரி. எதற்கு எவ்வளவு என்பதில்தான் வித்தியாசம். பிப்பெட்டில் 10 மில்லி தெவிட்டிய கரைசலை, அதாவது இனி உப்பு கரையாது என்ற நிலைக்கு வந்த கரைசலை எடுத்து, வற்றவைத்து, கிடைத்த உப்பைப் பத்தால் பெருக்கியிருப்பீர்கள். அது 100 மில்லி கரைசலில் உள்ள உப்பு. புத்தகம் சொல்வது 100 கிராம் தண்ணீரில் கரையும் உப்பு.

கணக்குப் போட்டுப் பாருங்கள். தெவிட்டிய உப்புக்கரைசலின் அடர்த்தி 1.20. எனவே 10 மில்லி கரைசல் 12.0 கிராம் இருக்கும். வற்றவைத்தால் 3.17 கிராம் உப்பு கிடைக்கும். அப்படியானால் தண்ணீர் 8.83 கிராம்தான். 3.17-ஐ 8.83-ஆல் வகுத்து நூறால் பெருக்கினால் 35.9. கிண்ணத்தில் விட்ட கரைசலையும் எடை போட்டிருந்தால் இந்தக் குழப்பம் வந்திருக்காது.

இப்படிச் செய்யுங்கள். மூடியுள்ள 100 மில்லி கூம்புக் குடுவையில் 50 மில்லி காய்ச்சி வடித்த நீரும் 20 கிராம் சுத்தமான சோடியம் குளோரைடும் போடுங்கள். 50 மில்லி தண்ணீர் 18 கிராம் உப்பைத்தான் வாங்கும், ஆகவே 2 கிராம் அடியில் நிற்கும். அந்த மிச்சம் கட்டாயம் வேண்டும். அது இல்லையென்றால் கரைசல் தெவிட்டிவிட்டது என்று சொல்ல உங்களிடம் ஆதாரமே இல்லை. குடுவையை ஒரு வாளித் தண்ணீரில் நிறுத்தி ஒரு மணி நேரம் அவ்வப்போது குலுக்குங்கள். வெப்பமானி குடுவைக்குள் இருக்க வேண்டும், வாளியில் அல்ல. பிறகு கால் மணி நேரம் தெளியவிடுங்கள். பிப்பெட் நுனியில் கொஞ்சம் பஞ்சைச் சுற்றிக்கொண்டு ரப்பர் பல்பால் உறிஞ்சினால் பொடிப் படிகம் உள்ளே ஏறாது. பஞ்சைக் கழற்றிவிட்டு, முன்பே எடை பார்த்து வைத்த பீங்கான் கிண்ணத்தில் கரைசலை விட்டு உடனே எடை போடுங்கள்.

வற்றவைக்கும்போதுதான் பெரும்பாலும் உப்பு கைநழுவும். தண்ணீர் வற்றிய பிறகும் படிகங்களுக்குள் சிறிது கரைசல் சிக்கியிருக்கும். நேரடித் தீயில் வைத்தால் அது ஆவியாகிப் படிகத்தை உடைத்துக்கொண்டு படபடவென்று வெளியே தெறிக்கும். சோதனை முடிந்ததும் மேசைமேல் வெள்ளைப் புள்ளிகள் தெரிந்தால் உங்கள் விடையில் குறைவது அவைதான். மணல் தட்டில் வைத்து, மேலே வாட்ச் கிளாஸ் மூடி, மெதுவாகச் சூடாக்குங்கள். அடுத்தடுத்த இரண்டு எடைகள் ஒன்றாக வரும் வரை காயவைத்து ஆறவைத்து எடை போட வேண்டும்.

கடைக் கல் உப்பில் இதைச் செய்யாதீர்கள். அதிலுள்ள மக்னீசியம் குளோரைடு சீக்கிரத்தில் காயாது. சூட்டில் கொஞ்சம் சிதைந்து ஹைட்ரோகுளோரிக் அமில ஆவியையும் விடும். கடைசியில் நீங்கள் எடை போடுவது எதை என்றே தெரியாமல் போகும்.

கரண்டி கரண்டியாகப் போட்டு, கரையாமல் நிற்கும் இடத்தில் நிறுத்துகிற பழைய முறையைப் பல பள்ளிகளில் இன்னும் செய்கிறார்கள். அதை விட்டுவிடலாம். தெவிட்டும் நிலையை நெருங்க நெருங்கக் கரைவது மிக மெதுவாகிவிடும். கடைசிக் கரண்டி கரையவில்லையா, கரைய நேரம் போதவில்லையா என்று கண்ணால் பிரிக்க முடியாது.

வெப்பநிலை ஏறினால் கரைதிறன் ஏறும் என்று காட்டுவதற்கும் உப்பு தோதான பொருள் இல்லை. 20 டிகிரியிலிருந்து 30-க்குப் போனால் அரை கிராம்கூடக் கூடாது. பொட்டாசியம் நைட்ரேட் எடுங்கள். 20-இல் 31.6 கிராம், 30-இல் ஏறக்குறைய 46 கிராம். ஒரு எச்சரிக்கை: அது கரையும்போது தண்ணீர் சில்லென்று ஆகிவிடும். அறை 30 டிகிரியில் இருந்தாலும் குடுவைக்குள் அதைவிடக் குறைவாக இருக்கும். மறுபடி அறைச் சூட்டுக்கு வரும் வரை காத்திருந்துதான் எடுக்க வேண்டும்.

கேள்வி: பேனா மாதிரி இருக்கும் டிடிஎஸ் மீட்டரை விட்டுப் பார்த்தால் எவ்வளவு கரைந்திருக்கிறது என்று தெரிந்துவிடாதா?
ஏர்வாடி வாசகர்

பதில்: தெரியாது. அது கரைந்த பொருளை அளப்பதில்லை. தண்ணீர் மின்சாரத்தை எவ்வளவு கடத்துகிறது என்று பார்த்து, அதை ஒரு எண்ணால் பெருக்கிக் காட்டுகிறது. சர்க்கரையோ யூரியாவோ எவ்வளவு கரைந்திருந்தாலும் அதன் கண்ணில் படாது. கடைகளில் கிடைக்கும் சாதாரண மீட்டர்கள் பத்தாயிரம் பிபிஎம்முக்கு உள்ளேயே நின்றுவிடும். நம் கடல்நீரே 35,000 வாக்கில் இருக்கிறது, தெவிட்டிய உப்புநீர் அதைப் போல பல மடங்கு. ஒரு வேலைக்கு மட்டும் அது உதவும்: சோதனைக்கு எடுக்கும் தண்ணீர் சுத்தமா என்று பார்க்க. கேன் தண்ணீர், பேட்டரித் தண்ணீர் எதுவானாலும் மீட்டரில் ஒரு முறை பாருங்கள், ஒரு துளி சில்வர் நைட்ரேட்டும் விடுங்கள். பால் போலக் கலங்கினால் குளோரைடு இருக்கிறது. அந்தத் தண்ணீர் வேண்டாம்.

கேள்வி: எம்.எஸ்சி. புராஜெக்டில் ஒரு புதிய கரிமச் சேர்மத்தின் நீர்க் கரைதிறனை ஓ.இ.சி.டி. 105 என்ற பன்னாட்டுச் சோதனை வழிகாட்டியின் முறைப்படி அளக்கச் சொல்லியிருக்கிறார்கள். 20 டிகிரி, கூடக்குறைய அரை டிகிரி என்று போட்டிருக்கிறது. எங்கள் ஆய்வகம் மே மாதத்தில் 34 டிகிரி. எங்களிடம் உள்ள வாட்டர் பாத் (குடுவைகளை ஒரே வெப்பத்தில் வைக்கும் தண்ணீர்த் தொட்டி) சூடாக்கும், குளிரவைக்காது. என்ன செய்வது?
மாணவி, ராமநாதபுரம்

பதில்: 1995-இல் திருத்தி வெளியிட்ட அந்த வழிகாட்டியில் உங்களுக்கு முதலில் வேண்டியது பூர்வாங்கச் சோதனை. அதற்கு இவ்வளவு துல்லியம் தேவையில்லை. மூடியுள்ள 10 மில்லி அளவு உருளையில் 0.1 கிராம் பொடியைப் போடுங்கள். மொத்த அளவு 0.1, 0.5, 1, 2, 10 மில்லி என்று வரும்படி தண்ணீரைக் கூட்டிக்கொண்டே போக வேண்டும். ஒவ்வொரு முறையும் பத்து நிமிடம் நன்றாகக் குலுக்கி, வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். 10 மில்லியிலும் கரையவில்லையென்றால் பெரிய உருளைக்கு மாற்றி 100 மில்லி ஆக்குங்கள். 2 மில்லியில் கரையாமல் 10-இல் கரைந்தால் கரைதிறன் லிட்டருக்கு 10 முதல் 50 கிராமுக்குள். 100 மில்லியில் கரைந்தால் 1 முதல் 10. அதிலும் நின்றால் ஒரு கிராமுக்குக் கீழே.

அடுத்து முறையைத் தேர்ந்தெடுக்க வேண்டும். லிட்டருக்கு 10 மில்லிகிராமுக்கு மேல் கரைவதற்குக் குடுவை முறை, அதற்குக் கீழே பத்தி முறை (பொருளைப் பூசிய மணிகள் நிரப்பிய குழாய் வழியாக நீரை விடுவது). குடுவை முறையில், பூர்வாங்கச் சோதனை காட்டிய அளவைப் போல ஐந்து மடங்கு பொருளை மூன்று குடுவைகளில் போட்டு மூன்றையும் 30 டிகிரியில் குலுக்குவார்கள். ஒரு நாள் கழித்து முதல் குடுவையை 20 டிகிரிக்கு மாற்றி, இடையிடையே குலுக்கி, 24 மணி நேரம் வைத்திருந்து, சென்ட்ரிஃபியூஜில் சுற்றித் தெளிந்ததை எடுத்து அளப்பார்கள். இரண்டாவது குடுவை 30-இல் இரண்டு நாள், மூன்றாவது மூன்று நாள், பிறகு அவையும் அதேபோல 20-இல் ஒரு நாள். கடைசி இரண்டுக்கும் வித்தியாசம் 15 சதவீதத்துக்குள் இருந்தால் விடை ஏற்கப்படும். முதல் குடுவையைவிட இரண்டாவது, அதைவிட மூன்றாவது என்று ஏறிக்கொண்டே போனால் இன்னும் சமநிலை வரவில்லை, கூடுதல் நாள் வைக்க வேண்டும்.

முதலில் சூட்டில் வைத்துப் பிறகு இறக்குவதற்குக் காரணம் உண்டு. 20 டிகிரியிலேயே குலுக்கினால் தெவிட்டும் நிலைக்குக் கீழிருந்து ஊர்ந்து ஏற வேண்டும், நாள் கணக்கில் ஆகும். 30-இல் கூடுதலாகக் கரைந்தது 20-இல் படிகமாக வெளியே வரும், அடியில் கிடக்கும் பொடி அதற்கு வித்து. இங்கேதான் உங்கள் கோடை இடிக்கிறது. ஆய்வகமே 34-இல் இருந்தால் 30 என்பதும் உங்களுக்குக் குளிர்.

வழி மூன்று உண்டு. ஏ.சி. அறையை 20-இல் வைத்து, பாத்தை 25-இல் ஓட்டலாம். சூடாக்க மட்டும் தெரிந்த பாத் சுற்றியுள்ள காற்றைவிட ஐந்து டிகிரியாவது மேலே இருந்தால்தான் ஒழுங்காகப் பிடித்து நிற்கும். ஆகவே அறையை 18-க்கு இறக்கிவிட்டு பாத்தில் 20-ஐ எதிர்பார்க்காதீர்கள். 20-தான் வேண்டுமென்றால், ஐஸ் போட்ட தெர்மோகோல் பெட்டியிலிருந்து மீன்தொட்டி பம்ப் ஒன்றால் குளிர்ந்த நீரைச் செம்புக் குழாய்ச் சுருள் வழியாக பாத்துக்குள் சுற்றவிடுங்கள். சுருள் குளிர்விக்கும், பாத்தின் ஹீட்டர் விட்டுவிட்டு எரிந்து சரிக்கட்டும். ஐஸை நேராக பாத்தில் கொட்டினால் அரை டிகிரிக்குள் நிற்காது. இரண்டுக்கும் வசதி இல்லையா? 40 டிகிரியில் ஒழுங்காக அளந்து, 40 டிகிரி என்றே எழுதுங்கள். 20 என்று போட்டு 34-இல் எடுத்த எண்ணைவிட அது ஆயிரம் மடங்கு மேல்.

35, 40, 45-இல் அளந்து கோடு நீட்டி 20-க்கு மதிப்பிடலாமா என்று அடுத்துக் கேட்பீர்கள். பொருள் ஹைட்ரேட் ஆகாத வகை (நீர் மூலக்கூறைச் சேர்த்துக்கொண்டு படிகமாகாதது) என்றால் தோராயத்துக்குப் பரவாயில்லை. ஆனால் சோடியம் சல்பேட்டைப் பாருங்கள். 32.4 டிகிரிக்குக் கீழே அடியில் கிடப்பது பத்து நீர் மூலக்கூறு சேர்ந்த படிகம், மேலே நீரற்ற படிகம். 20-இல் 19.5 கிராம் கரைவது 32.4-இல் சுமார் 50 கிராம் வரை ஏறி, அதற்கு மேல் சூடாக்கச் சூடாக்கக் குறையத் தொடங்கும். நம் ஊர் அறைச் சூடு சரியாக அந்தத் திருப்பத்தின் மேலேயே உட்கார்ந்திருக்கிறது. காலையில் ஒரு விடை, பிற்பகலில் ஒரு விடை வரும்.

சாம்பிள் எடுப்பதையும் கவனியுங்கள். பாத் 40-இலும் பிப்பெட் அதைவிடக் குளிராகவும் இருந்தால் நுனிக்குள் ஊசி ஊசியாகப் படிகம் ஒட்டும். சிரிஞ்சு, ஃபில்ட்டர், பிப்பெட் எல்லாம் அதே வெப்பத்தில் இருக்கட்டும். 0.45 மைக்ரான் ஃபில்ட்டர் சில கரிமப் பொருள்களைத் தன்மேல் பிடித்துக்கொள்ளும். முதல் 2, 3 மில்லியைக் கொட்டிவிட்டு அடுத்ததை எடுங்கள், எடுத்த உடனே நீர்த்து வையுங்கள். தெளிந்த திரவத்தில் லேசர் பாயிண்டரை அடித்துப் பாருங்கள். உள்ளே கோடு தெரிந்தால் கரையாத நுண்துகள் மிதக்கிறது. அது சேர்ந்து வந்தால் கரைதிறன் உள்ளதைவிட அதிகமாகத் தெரியும்.

கேள்வி: உப்பை வாங்கும் கம்பெனி லேபில் "நீரில் கரையாத பொருள் 1.4 சதவீதம்" என்று எழுதி விலையைக் குறைத்துவிட்டார்கள். எங்கள் உப்பை வாளியில் போட்டால் எல்லாம் கரைந்துவிடுகிறதே?
உப்பள குத்தகைதாரர், வாலிநோக்கம் பகுதி

பதில்: ஐயா, 1.4 சதவீதம் என்றால் ஒரு கிலோவுக்கு 14 கிராம். ஒரு கைப்பிடி உப்பை வாளியில் போட்டால் இரண்டு கிராம் களிமண் தண்ணீரோடு கலங்கி நிற்கும். கரைந்த மாதிரிதான் தெரியும். 100 கிராம் உப்பை ஒரு லிட்டர் தெளிந்த நீரில் கரைத்து, உயரமான கண்ணாடிப் பாட்டிலில் ஒரு ராத்திரி அசையாமல் வைத்துப் பாருங்கள், அடியில் என்ன படிகிறது என்று தெரியும். சமையல் உப்புக்கு உணவுப் பாதுகாப்பு விதி அனுமதிப்பது 1 சதவீதம்.

ஆனாலும் லேபின் எண்ணைக் கேள்வி கேட்க உங்களுக்கு இடம் இருக்கிறது. சோதனை இப்படி நடந்திருக்க வேண்டும்: உலர்த்திப் பொடித்த உப்பு 10 கிராம், சுத்தமான வெந்நீர் 200 மில்லி. நன்றாகக் கலக்கிக் கொதிக்கவிட்டு, எடை பார்த்து வைத்த வடிதாளிலோ ஜி4 கண்ணாடி மூசையிலோ வடிகட்ட வேண்டும். வடிந்து வரும் நீரில் நைட்ரிக் அமிலமும் சில்வர் நைட்ரேட்டும் விட்டால் கலங்காத வரை வெந்நீரால் கழுவ வேண்டும். பிறகு 105 டிகிரியில் காயவைத்து எடை. கழுவுவதில் அவசரப்பட்டால் வடிதாளில் ஊறிய உப்புநீரே காய்ந்து எடையில் சேரும். இது ஒரு தவறு.

இன்னொன்று ஜிப்சம் (கால்சியம் சல்பேட்). கடல் உப்பில் அது இல்லாமல் இருக்காது. ஒரு லிட்டர் சுத்த நீரில் 2.4 கிராம் வரை கரையும், உப்புநீரில் இன்னும் கூடவே கரையும். 10 கிராம் உப்பில் 0.1 கிராம் ஜிப்சம் இருந்தால் 200 மில்லியில் தாராளமாகக் கரைய இடமுண்டு, ஆனால் மெதுவாகக் கரையும். கல்லைப் பொடிக்காமல் போட்டு இரண்டு நிமிடம் கலக்கி வடிகட்டினால் அந்த ஜிப்சமும் "கரையாதது" கணக்கில் விழும். எவ்வளவு தண்ணீர், எவ்வளவு நேரம், பொடித்தீர்களா என்று மூன்றையும் கேளுங்கள்.

சாம்பிள் எடுத்ததையும் கேளுங்கள். குவியலின் அடியில் மண்ணோடு வாரிய ஒரு கைப்பிடியை அனுப்பினால் முடிவு அந்தக் கைப்பிடிக்குத்தான். உச்சி, நடு, அடி என்று பல இடத்தில் எடுத்து, ஒன்றாகக் கலந்து கூம்பாகக் குவித்து, நான்காகப் பிரித்து, எதிரெதிர்ப் பங்கு இரண்டை மட்டும் வைத்துக்கொண்டு மறுபடி கலக்க வேண்டும். ஒரு கிலோ வரும் வரை இப்படியே.

சரிசெய்ய வேண்டியது பாத்தியில். கடல்நீர் 3 டிகிரி போமேயில் (ஹைட்ரோமீட்டர் காட்டும் உப்புநீர் அடர்த்தி அளவு) உள்ளே வருகிறது. 13-ஐத் தாண்டியதும் ஜிப்சம் இறங்கத் தொடங்கி 25 வரை இறங்கிக்கொண்டே இருக்கும், உப்பு 25-ஐ ஒட்டித்தான் விழும். அவசரத்தில் 20, 22 டிகிரி நீரை உப்புப் பாத்திக்குத் திறந்துவிட்டால் மிச்ச ஜிப்சம் உங்கள் உப்போடு சேர்ந்தே விழும். மேல்பக்கம் 29-ஐத் தாண்டவிட்டால் மக்னீசியம் ஏறும். அது கரையாததில் வராது, ஆனால் உப்பு ஈரம் காயாது. உப்பு விழுந்த பிறகு மிஞ்சும் கசப்பு நீரில் குளோரைடு ஏற்கெனவே நிறைந்திருப்பதால் சோடியம் குளோரைடுக்கு அங்கே கரைய இடம் குறைவு. அதனால் கடைசி வரை உப்பு விழுந்துகொண்டே இருப்பது போலத் தெரியும், ஆசைப்பட வேண்டாம். ஹைட்ரோமீட்டரை உச்சி வெயிலில் கொதிக்கும் பாத்தியில் விட்டால் டிகிரி குறைத்துத்தான் காட்டும். நீரை ஒரு ஜாடியில் எடுத்து நிழலில் ஆறவைத்துப் பாருங்கள்.

கேள்வி: தராசில் வைத்த பொருளின் எடை கண் முன்னால் ஏறிக்கொண்டே போகிறது. தராசு பழுதா?
ஆய்வக உதவியாளர், ராமேஸ்வரம்

பதில்: தராசு நன்றாக இருக்கிறது, காற்று ஈரம். சுத்தமான உப்பே காற்றின் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினால் நீரை இழுத்துக் கசியத் தொடங்கும். மக்னீசியம் குளோரைடுக்கு 33 சதவீதமே போதும், நம் கடற்கரையில் அது எந்த நாளும் காயாது. ஓவனிலிருந்து எடுத்ததை மூடியுள்ள எடைப்புட்டியில் போட்டு, டெசிகேட்டரில் ஆறவைத்து, மூடியோடு எடை போடுங்கள். டெசிகேட்டரில் உள்ள நீல சிலிகா ஜெல் ரோஸ் நிறமாகியிருந்தால் அது டெசிகேட்டரே இல்லை, வெறும் கண்ணாடிப் பெட்டி. ஜெல்லை 120 டிகிரியில் வறுத்து மறுபடி போடுங்கள். சூடு ஆறாமலும் எடை போடாதீர்கள், மேலெழும் வெப்பக் காற்று எடையைக் குறைத்துக் காட்டும்.

கேள்வி: நாங்கள் மூங்கில் மிதவையில் வளர்க்கும் கப்பாஃபைகஸ் பாசியிலிருந்து எடுத்த கேராஜீனன் தூளைச் சோதிக்கத் தந்தார்கள். தண்ணீரில் போட்டால் கட்டி கட்டியாக நிற்கிறது, கரையவே இல்லை. தூள் மட்டமா?
மகளிர் சுயஉதவிக் குழு, பாம்பன்

பதில்: பச்சைத் தண்ணீரில் அது கரையாது அக்கா, ஊறிப் பெருக்கத்தான் செய்யும். கப்பா வகை 80 டிகிரி வாக்கில்தான் கரையும். பொட்டாசியம் சேர்ந்திருந்தால் குளிர்ந்த நீரில் இன்னும் பிடிவாதம். கட்டி விழுவது வேறு விஷயம்: தூளைக் கொட்டியதும் வெளிப்புறம் உடனே ஊறிப் பசையாகி, உள்ளே இருக்கும் உலர்ந்த தூளுக்குத் தண்ணீர் போகாமல் மூடிவிடுகிறது. ஒரு பங்கு தூளோடு ஐந்தாறு பங்கு சர்க்கரையை உலர்வாகக் கலந்து, வேகமாகச் சுழலும் தண்ணீரில் மெல்லத் தூவுங்கள். கட்டி விழாது. விற்பனைச் சோதனைக்குச் சர்க்கரை சேர்க்கக் கூடாது. அங்கே தூளை முதலில் கொஞ்சம் ஆல்கஹாலில் நனைத்துக்கொண்டு தண்ணீர் விடலாம், ஆல்கஹாலில் அது கரையாது, ஊறாது. அடுப்பை அணைத்த பிறகுதான் ஆல்கஹால் பாட்டிலைத் திறக்க வேண்டும்.

இந்த மாதிரிப் பசைக்கு "100 கிராம் தண்ணீருக்கு இத்தனை கிராம்" என்ற கணக்கு பொருந்தாது. தெவிட்டும் முன்னாலேயே கிளற முடியாதபடி கெட்டியாகிவிடும். அதனால் 1.5 சதவீதக் கரைசலை 75 டிகிரியில் வைத்துப் பாகுத்தன்மையைத்தான் பார்ப்பார்கள், 5 சென்டிபாய்ஸுக்குக் குறையக் கூடாது. கரையாத பொருளை அமிலத்தில் காய்ச்சி வடிகட்டி எடை போடுவார்கள். சுத்திகரித்த தூளில் அது 2 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும். காரத்தில் வேகவைத்துக் காயவைத்த அரைச் சுத்திகரிப்புத் தூளில் 8 முதல் 15 வரை இருக்கும். அது அழுக்கு இல்லை, பாசியின் செல்லுலோஸ். கரைசல் கலங்கலாக இருப்பதற்கும் அதுதான் காரணம். உங்கள் தூள் எந்த வகை என்று கேட்டுக்கொண்டு பிறகு மட்டமா நல்லதா என்று பேசலாம்.

கேள்வி: மருந்துநூலில் "மிகச் சிறிதளவே கரையும்", "அரிதாகக் கரையும்" என்றெல்லாம் போட்டிருக்கிறது. இதற்கு எண் உண்டா? ஆஸ்பிரினுக்கு 24 மணி நேரம் குலுக்கினால் ஒவ்வொரு நாளும் ஒரு விடை வருகிறது.
பி.ஃபார்ம். மாணவர், கீழக்கரை

பதில்: எண் உண்டு. ஒரு கிராம் மருந்தைக் கரைக்க எத்தனை மில்லி வேண்டும் என்பதுதான் கணக்கு. ஒன்றுக்கும் குறைவு, 1 முதல் 10, 10 முதல் 30, 30 முதல் 100, 100 முதல் 1,000, 1,000 முதல் 10,000, அதற்கும் மேல் என்று ஏழு படி. தமிழ்ச் சொல்லை மனப்பாடம் செய்யாமல் இந்த எண்களை வைத்துக்கொள்ளுங்கள். பாராசிட்டமால் 25 டிகிரியில் லிட்டருக்கு 14 கிராம், அதாவது ஒன்றுக்கு 70, நான்காம் படி. ஆஸ்பிரின் லிட்டருக்கு 3 கிராம் வாக்கில், ஐந்தாம் படி. ஐபுபுரோஃபன் வெறும் தண்ணீரில் லிட்டருக்கு இருபது மில்லிகிராம் சொச்சம், கடைசிப் படி. ஆனால் அது அமிலம் என்பதால் பி.எச். 6.8-இல் பல மடங்கு ஏறும். பி.எச். எழுதாத கரைதிறன் இத்தகைய மருந்துகளுக்குப் பயன்படாது. கலக்கிய பிறகும் பி.எச். அளந்து எழுதுங்கள், கரைந்த மருந்தே அதை மாற்றியிருக்கும்.

ஆஸ்பிரின் தண்ணீரில் சும்மா இருப்பதில்லை. சிதைந்து சாலிசிலிக் அமிலமும் அசிட்டிக் அமிலமும் ஆகிறது, அறைச் சூடு கூடினால் இன்னும் வேகம். நீங்கள் காரத்தைச் சொட்டுச் சொட்டாக விட்டு டைட்ரேட் செய்தால் மூன்று அமிலத்தையும் சேர்த்துத்தான் அளக்கிறீர்கள். அதனால்தான் நாளுக்கு நாள் எண் ஏறுகிறது. வடிகட்டிய கரைசலில் ஒரு துளி ஃபெரிக் குளோரைடு விடுங்கள், ஊதா நிறம் வந்தால் சிதைவு நடந்திருக்கிறது. இப்படிப்பட்ட மருந்துக்குக் குலுக்கும் நேரத்தைக் குறைத்து, கலவையைப் பிரித்துக் காட்டும் எச்.பி.எல்.சி. கருவியில் ஆஸ்பிரினை மட்டும் பிரித்து அளப்பதே வழி.

கேள்வி: குளத்துக்குச் சுண்ணாம்பு போட்டால் வெள்ளையாக மிதக்கிறது, கரைவதில்லை. வெந்நீரில் கரைத்து ஊற்றலாமா? கடைக்காரர் மட்டமான சுண்ணாம்பைத் தந்துவிட்டாரா?
இறால் பண்ணையாளர், தொண்டி

பதில்: வெந்நீர் வேண்டவே வேண்டாம். சுண்ணாம்பு தலைகீழ்ப் பொருள், சூடு ஏற ஏறக் கரைவது குறையும். நீற்றிய சுண்ணாம்பு 20 டிகிரியில் லிட்டருக்கு 1.73 கிராம், 30-இல் 1.6, கொதிநீரில் அதில் பாதிகூட இல்லை. நீற்றாத கல் சுண்ணாம்பாக இருந்தால் நீர் பட்டதும் கொதித்துத் தெறிக்கும், கண் போய்விடும்.

விவசாயச் சுண்ணாம்பு என்று விற்பது கால்சியம் கார்பனேட். சுத்த நீரில் லிட்டருக்கு 13 மில்லிகிராம்தான் கரையும். கடல்நீரின் மேல்மட்டமோ கார்பனேட்டில் ஏற்கெனவே தெவிட்டும் நிலையைத் தாண்டி நிற்பது. அங்கே அந்தத் தூளுக்கு வேலை இல்லை, அது அடியில் அமிலமான சேற்றில் போய்த்தான் கரையும். மேலே கரையவில்லை என்று கூடுதலாகக் கொட்டாதீர்கள்.

நீற்றிய சுண்ணாம்பு போட்டும் வெள்ளையாக மிதந்தால் அது பெரும்பாலும் சுண்ணாம்பே இல்லை. கடல்நீரில் உள்ள மக்னீசியம் சுண்ணாம்போடு சேர்ந்து மக்னீசியம் ஹைட்ராக்சைடாகப் பஞ்சு பஞ்சாகத் திரிகிறது. சரிபார்ப்பது சுலபம். ஒரு லிட்டர் பாட்டில் இரண்டு எடுங்கள், ஒன்றில் காய்ச்சி வடித்த நீர், ஒன்றில் குளத்து நீர். இரண்டிலும் ஒரு கிராம் சுண்ணாம்பு போட்டு, மூடிக் குலுக்கி, ஒரு மணி நேரம் விடுங்கள். முதலாவது தெளிந்து, இரண்டாவதில் மட்டும் பஞ்சு நின்றால் கடைக்காரர் மேல் குற்றமில்லை.

சுண்ணாம்பின் தரம் பார்க்க வேண்டுமானால், 5 கிராமை ஒரு லிட்டர் கொதிக்கவைத்து ஆறவைத்த நீரில் போட்டு, வாய் வரை நிரப்பி மூடி, ஒரு நாள் வையுங்கள். திறந்து வைத்தால் காற்றிலுள்ள கரியமில வாயு பட்டு மேலே ஆடை கட்டும், கரைந்தது மறுபடி கார்பனேட்டாகிவிடும். தெளிந்த நீரில் 25 மில்லி எடுத்து, ஃபினால்ஃப்தலீன் இரண்டு துளி விட்டு, 0.1 மோலார் ஹைட்ரோகுளோரிக் அமிலத்தைப் பியூரெட்டிலிருந்து சொட்டுங்கள். 30 டிகிரியில் 10.8 மில்லி அளவில் இளஞ்சிவப்பு போக வேண்டும். எட்டிலோ ஆறிலோ போய்விட்டால் மூட்டைக்குள் ஈரம் புகுந்து சுண்ணாம்பு பெரும்பகுதி கார்பனேட்டாகிவிட்டது. கடலோரக் கிட்டங்கியில் சாக்கைத் தரையோடு தரையாக அடுக்கினால் இது நடக்கும், பலகை மேல் வைத்து பாலித்தீன் போட்டு மூடி வையுங்கள்.